பன்றிக் கோடு

மரகதவல்லி மண்டபத்து வாசலில் நின்று, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்தாள். கல்யாண மண்டபம் என்றால் கால் தானாகவே கழற்றப் பார்க்கிறது. ஆனால் இன்றைக்கு இங்கே கல்யாணம் இல்லை. பழைய நாணயம், பழைய தபால்தலை, பழைய காமிரா என்று சேர்த்து வைப்பவர்களும் விற்பவர்களும் கூடுவதற்காக ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு எடுத்த இடம். முந்தின நாள் கல்யாணம்தான் இன்னும் முழுதாகக் கிளம்பிப் போகவில்லை. தூணில் சுற்றிய சம்பங்கி வாடிக்கொண்டிருந்தது. சாம்பார் வாசனை சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்த சிவப்பு நாற்காலிகள் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நின்றன. அதற்குள் சண்டையா என்று நினைத்துக்கொண்டு செருப்போடு உள்ளே போனாள். ஆட்டோவில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. விஸ்கி குடிக்கிற சின்னக் கிளாஸ் இருக்கா, பழசு? மனசுக்குள் சொல்லும்போது சரியாக வருகிறது. வாயால் சொல்லப்போனால் அவளுக்குள் இருக்கும் பெண்கள் பள்ளித் தையல் டீச்சர் குறுக்கே வந்து நிற்கிறாள். ஓய்வு பெற்ற பிறகும் அவள் போவதாக இல்லை. விஸ்கி என்ற சொல்லை மரகதவல்லி தன் வாழ்நாளில் வாய்விட்டுச் சொன்னதாக நினைவே இல்லை. அவர்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைத்தான் இப்போது அண்ணன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். சிற்றம்பலம், அவளுக்கு மூத்தவன், ஒரே அண்ணன். மாரடைப்பு என்று பயந்து கொண்டுபோனால் மூளையில் அடைப்பு என்றார்கள். வலது கையும் காலும் விழுந்தன. பேச்சு முழுதாகப் போய், ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பி வந்தது. மருந்து. ஜன்னலைத் திறக்கவா என்றால் மருந்து. வலிக்கிறதா என்றால் மருந்து. சரி, மருந்து என்று கொண்டுபோய்க் கொடுத்தால் இடது கையால் தட்டிவிடுகிறான். வியாழக்கிழமையிலிருந்து கஞ்சியும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஊட்டினால் வாயில் வைத்துக்கொண்டே இருக்கிறான், பிறகு கடைவாய் வழியாக அது துண்டில் இறங்குகிறது. கையில் ஊசி குத்திப் பாட்டிலில் ஏற்றும் தண்ணீரில்தான் ஓடுகிறது. தொண்டையில் பழுது ஒன்றும் இல்லை, முழுங்கத்தான் மாட்டேன் என்கிறார், நாளைக் காலை வரை பார்ப்போம், அப்புறம் மூக்கு வழியாகக் குழாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார். தற்காலிகமாகத்தான் அம்மா என்றார். அவள் வீட்டுக்காரருக்குப் போட்டபோதும் ஒருவர் இதையே சொன்னார். அந்தக் குழாயைக் கடைசியில் எடுத்தது டாக்டர் இல்லை, குளிப்பாட்ட வந்தவர்கள்.

அதனால்தான் கிளாஸ். வேறு யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மதுவிலக்கு. குடிக்க வேண்டும் என்றால், இவர் உடம்புக்கு இது அவசியம் என்று ஒரு டாக்டர் எழுதித் தர வேண்டும், அதைக் காட்டி சர்க்காரில் பெர்மிட் வாங்க வேண்டும். துறைமுகத்தில் கப்பல் கம்பெனியில் வேலை பார்த்த அப்பா வாங்கி வைத்திருந்தார். டாக்டர் எழுதிக் கொடுத்தது, ஆகவே மருந்து. அம்மா அப்படித்தான் சொன்னாள். ஒரு நாளும் வேறு விதமாகச் சொன்னதில்லை. அப்பா குளித்து, விபூதி இட்டு, சாப்பாட்டு மேஜையில் உட்காருவார். அம்மா ஒரு தட்டில் அந்தக் கிளாஸை வைத்து, இன்னொரு தட்டால் மூடிக் கொண்டுவருவாள். கப்பல் கம்பெனித் துரை ஊருக்குத் திரும்பிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன கிளாஸ். கட்டைவிரல் உயரம்தான், ஆனால் தூக்கினால் கனக்கும், பாதிக் கிளாஸ் அடிக்கண்ணாடி. பக்கவாட்டில் மூன்று கோடு. கீழ்க்கோட்டின் மேல் குடை பிடித்த ஒரு சீமாட்டி, நடுக்கோட்டின் மேல் தொப்பி போட்ட ஒரு துரை, மேல் கோட்டின் மேல் ஒரு பன்றி. யார் எவ்வளவு குடிக்கலாம் என்று வெள்ளைக்காரன் செய்த கேலி அது என்று பெரியவளான பிறகுதான் தெரிந்தது. அப்போது அவளுக்கு ஆறு வயதோ என்னவோ. அப்பாவுக்கு என்ன நோய் என்று யாரும் சொல்லவில்லை. தினமும் மருந்து குடிக்கிறவருக்குச் சின்ன நோயாக இருக்க முடியாது. பன்றிதான் நோய் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். சீமாட்டி வரை வந்தால் ஒன்றும் இல்லை. வயிற்றுவலி வந்தால் அவளுக்கும் அண்ணனுக்கும் அதே கிளாஸில்தான் அம்மா சீமாட்டிக் கோடு வரை ஓமத் தண்ணீர் தருவாள். துரை வரை வந்தால் நோய் பாதி. பன்றியைத் தொட்டால் அப்பா செத்துப்போவார். அவள் எதிரே உட்கார்ந்து, கன்னத்தை மேஜையில் வைத்து, கண் மட்டத்துக்கு அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தேன் நிறத்தில் அது ஏறும். சீமாட்டியின் பாவாடை நனையும். துரையின் பூட்ஸ் நனையும். போதும் போதும் போதும் என்று உள்ளே ஒரு குரல் கும்பிட்டுக்கொண்டே இருக்கும். அப்பாவின் கை அங்கேயே நின்றுவிடும். இன்றைக்குச் சாகவில்லை. அந்தக் கிளாஸ் பிறகு என்ன ஆயிற்று? உடைந்ததாக ஞாபகம் இல்லை. வீடு மாறினார்கள், பிறகு இன்னொரு வீடு, எந்தச் சாக்கு மூட்டையில் எந்த வாசலில் தங்கியதோ. முந்தாநாள் அண்ணன் ஸ்பூனைத் தட்டிவிட்டு மருந்து, மருந்து என்று அவள் முகத்தையே பார்த்தபோது, திடீரென்று மூடிய தட்டு ஞாபகம் வந்தது. பிளாஸ்டிக் மூடியிலும் ஸ்பூனிலும் கொடுத்தால் அவனுக்கு அது மருந்தாகப் படவில்லை. மருந்துக் கிளாஸில் வந்தால்தான் மருந்து. புத்தி எங்கேயோ பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது, அந்த மேஜைக்குப் போய்விட்டது, அங்கேயே போய்க் கொடுக்க வேண்டும். அவனைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பார்த்துக்கொள்ளும் ஜெபமலரிடம் சொன்னாள். "செஞ்சு பாருங்கக்கா, போனா ஒரு ஆட்டோ காசு" என்றாள் ஜெபமலர்.

முதல் மேஜையில் உட்கார்ந்திருந்தவர் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு தபால்தலை பார்த்துக்கொண்டிருந்தார். மேஜையில் வரதன் என்று பெயர் எழுதிய அட்டை. மரகதவல்லி பக்கத்தில் போய் நின்றாள். தொண்டையைச் செருமினாள். வாக்கியம் வெளியே வந்தது, ஆனால் பாதியில் உடைந்து வந்தது.

"விஸ்கி... குடிக்கிற... சின்னதா, பழைய கிளாஸ்..."

அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே நிமிர்ந்தார். அந்தக் கண் மட்டும் பெரிதாக, ஈரமாக, மாட்டின் கண் போல அவளைப் பார்த்தது.

"அம்மா, இது ஸ்டாம்ப் கடை. குடிச்ச ராஜாங்க நெறைய பேர் இருக்காங்க, கிளாஸ் இல்ல. வீட்டுக்காரருக்கா?"

"அண்ணனுக்கு."

"குடுத்து வெச்ச அண்ணன்! என் தங்கச்சி நான் ரெண்டாவது காப்பி கேட்டாலே முறைக்குது. சாப்பாட்டு ஹாலுக்குப் போங்கம்மா, கை கழுவுற எடத்துக்குப் பக்கத்துல ஜலால் பாய் இருப்பாரு. கண்ணாடின்னா அவருதான்."

அவள் நடந்தாள். சொல்லிவிட்டால் ஒன்றும் ஆகவில்லை. கூரை இடியவில்லை. தையல் டீச்சர் எங்கேயோ கூட்டத்தில் பின்தங்கிவிட்டாள். மேஜை மேஜையாக நாணயங்கள் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் சதுரங்களில் மூச்சடைத்துக் கிடந்தன. ஒரு மேஜை நிறையத் தீப்பெட்டிப் படங்கள், புலி, மான், ரோஜா, மறுபடியும் புலி. ஒரு பழைய காமிராவின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தபோது தலைகீழாக ஒரு மண்டபம் தெரிந்தது, அதில் எல்லாரும் கூரையில் நடந்துகொண்டிருந்தார்கள், யாரும் விழவில்லை. அண்ணனுக்கும் இப்போது இப்படித்தான் தெரிகிறதோ. கட்டிலில் படுத்தபடி கூரையையே பார்க்கிறான். குழாய் உள்ளே போகும்போது முழுங்குங்க முழுங்குங்க என்று சொல்வார்கள், முழுங்கினால்தான் அது சரியான வழியில் இறங்கும். முழுங்க மாட்டேன் என்பதால்தானே குழாய், பிறகு குழாயை எப்படி முழுங்குவது. இதை அந்த டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் மெதுவாகப் பதில் சொல்லியிருப்பார். அவள் வீட்டுக்காரர் மூக்கில் பிளாஸ்திரி ஒட்டிய இடம் வெளுத்துப் போயிருந்தது. அந்த வெளுப்பு மட்டும் தனியாக, மூக்கு இல்லாமல், சில சமயம் கண்ணை மூடினால் வருகிறது. வேண்டாம். பன்றியை நினைத்துக்கொள். பன்றி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது? இடது பக்கம். வால் வலது பக்கம், சுருண்ட வால். நிச்சயமாக இடது பக்கம்தான், ஏனென்றால் சமையலறை இடது பக்கம், அது சமையலறையைப் பார்த்து நிற்கிறது என்று நினைத்திருக்கிறாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அப்பாவின் கை துரையைத் தாண்டிப் போயிற்று. கம்பெனிக்குப் புதுத் துரை வந்த நாளாக இருக்கலாம், சம்பளம் குறைத்த நாளாகவும் இருக்கலாம், குழந்தைகளுக்கு யார் சொன்னார்கள். பன்றியின் காலில் தேன் தொட்டது. அப்பா ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். அவள் அன்று சாப்பிடவில்லை. சாப்பிட்டால் அப்பா போய்விடுவார், சாப்பிடாவிட்டால் சாமி விட்டுவிடும் என்று ஒரு கணக்கு. அம்மா அடித்தும் வாயைத் திறக்கவில்லை. ஆக, வாயை மூடிக்கொள்வது அவர்கள் வீட்டில் புதிது ஒன்றும் இல்லை.

சாப்பாட்டு ஹாலில் நீள மேஜைகளில் வெள்ளைப் பேப்பர் விரித்திருந்தார்கள். நேற்று இலை போட்ட பேப்பராகவே இருக்கும், ஒரு ஓரத்தில் ரசம் காய்ந்த வட்டம் இருந்தது. அதன்மேல் ஜலால் பாயின் கண்ணாடிகள். பீங்கான் ஜாடி, விளக்குச் சிமினி, மூடி தொலைந்த சென்ட் பாட்டில், எல்லாவற்றின் வழியாகவும் ஜன்னல் வெளிச்சம் புகுந்து பேப்பரில் பச்சையும் மஞ்சளுமாகக் கசிந்திருந்தது. அவள் கையை நீட்டினாள், கை பச்சையாயிற்று. இன்னும் கொஞ்சம் நீட்டினாள், மஞ்சளாயிற்று. மெலிந்து உயர்ந்த மனிதர், வெள்ளைத் தொப்பி, கையில் ஒரு துணி, எதையோ துடைத்துக்கொண்டே இருக்கிற கை.

"வாங்கம்மா. ஊறுகா ஜாடியா, பூ ஜாடியா?"

"விஸ்கி குடிக்கிற சின்னக் கிளாஸ். பழசு." இந்தத் தடவை உடையாமல் வந்தது.

அவர் கண்கூடச் சிமிட்டவில்லை. "அவுன்ஸ் கிளாஸுன்னு கேளுங்கம்மா, கௌரவமா இருக்கும்" என்று ஒரு தட்டை எடுத்து முன்னால் வைத்தார். பத்துப் பதினைந்து இருக்கும். ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் கவிழ்த்தார். "அடியில தடவிப் பாருங்க. சொரசொரன்னு ஒரு தழும்பு இருக்கா? கொழாயில ஊதி, அப்புறம் ஒடைச்சு எடுத்த எடம். தழும்பு இருந்தா கையால செஞ்சது. வழவழன்னா மிஷினு." அவள் தடவினாள். தொப்புள். குழாயை உடைத்து எடுத்த பிறகு அது தனியாகத் தன்பாட்டுக்கு நின்றிருக்கிறது, இத்தனை வருஷம். அடுத்ததில் அடிக்கண்ணாடிக்குள் ஒரு குமிழி மாட்டியிருந்தது, ஊதினவனின் மூச்சு. செத்துப்போய் எத்தனை காலமோ, மூச்சு மட்டும் இங்கே விடாமல் உட்கார்ந்திருக்கிறது. ஒன்றில் ஏதோ கிளப்பின் பெயர் செதுக்கியிருந்தது. ஒன்றில் தங்க விளிம்பு தேய்ந்து பாதி வட்டம் மட்டும் மிச்சம், யாரோ ஒரே இடத்தில் வாய் வைத்துக் குடித்திருக்கிறார்கள். எல்லாம் அழகாகத்தான் இருந்தன. எதுவும் அந்த மேஜையிலிருந்து வரவில்லை.

"மூணு கோடு போட்டிருக்கும். ஒரு பொம்பளை, ஒரு ஆம்பளை, ஒரு..."

"பன்னி!" என்றார் ஜலால் பாய். முகம் மலர்ந்துவிட்டது. "அது தெரிஞ்சவங்க யாரும் கேக்க மாட்டேங்கறாங்கம்மா. இருங்க. எங்க வீட்டுல அதை உள்ள கொண்டுவரக் கூடாதுன்னுட்டாங்க, பெட்டியிலயே கெடக்குது. நான் என்னா சொன்னேன், அடியே, அது கண்ணாடிப் பன்னிடீன்னேன். கண்ணாடியா இருந்தா பன்னி இல்லையான்னா."

மேஜைக்கு அடியில் குனிந்து, அட்டைப்பெட்டிக்குள் தோள் வரை கையை விட்டார். வைக்கோல் சத்தம். செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம். பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது, ஒரு பக்கம், அதற்குள் இன்னொரு பக்கம், யாரோ எங்கோ பதவியேற்றார்கள், எங்கோ வெள்ளம், கடைசியில் அவர் உள்ளங்கையில் அது நின்றது. மரகதவல்லிக்குக் காது அடைத்துக்கொண்டது. மண்டபத்துப் பேச்சு எல்லாம் தண்ணீருக்கு அடியில் போயிற்று. குடை. தொப்பி. பன்றி. பன்றியின் இளஞ்சிவப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். நாளைக்குக் குழாய் இல்லை என்று நினைத்தாள். உடனே, இல்லை, இது அது இல்லை என்று தெரிந்தது. பன்றி வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"திரும்பி நிக்குது" என்றாள். குரல் அழுகிறவள் குரலாக வந்தது. "எங்க வீட்டுது இடது பக்கம் பாக்கும்."

ஜலால் பாய் கிளாஸைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்து அரைச் சுற்று சுற்றினார். கண்ணாடிக்குள்ளிருந்து, தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது போலக் கொஞ்சம் கலங்கி, பன்றி இடது பக்கம் பார்த்தது. வால் வலது பக்கம்.

"பன்னி திரும்பலம்மா. நீங்கதான் அந்தப் பக்கமா உக்காந்திருந்தீங்க."

ஆமாம். அவள் எதிரே உட்காருவாள். படம் அப்பாவைப் பார்த்து இருக்கும். அவள் பார்த்தது எல்லாம் கிளாஸுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மருந்துக்கு ஊடாக. அண்ணன் அப்பாவின் பக்கத்தில் உட்காருவான். அப்பா தோள் மேல் சாய்கிற மாதிரி, நெஞ்சுச் சட்டையை மோந்துகொண்டு. அவனுக்குப் பன்றி நேராகத்தான் இருந்திருக்கும். இதை அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஒரே மேஜை, ஒரே கிளாஸ், ஒரே பன்றி என்றுதான் இத்தனை வருஷமும். அவள் வாயைத் திறக்க மாட்டேன் என்றிருந்த அன்று அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பெரிய பையன், மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. அப்பாவுக்கு ஒண்ணும் இல்லடி லூசு, அது நல்ல மருந்துடி என்றான். கண்ணடித்தான். அவள் அந்தக் கண்ணடிப்பைத் தேறுதல் என்று எடுத்துக்கொண்டு சோறு தின்றாள். நல்ல மருந்து என்றால் நன்றாகக் கேட்கிற மருந்து என்று.

"இத்துல ஊத்திக் குடுத்தா முழுங்கிருவாரா உங்க அண்ணன்?" அவள் எப்போது எல்லாவற்றையும் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அண்ணன், கஞ்சி, நாளைக் காலை, எல்லாம் சொல்லியிருக்கிறாள் போல. ஜலால் பாய் துடைப்பதை நிறுத்தியிருந்தார்.

"மருந்து மருந்துன்னேதான் கேக்கறார். குடுத்தா தட்டிவிடறார்."

"எந்த மருந்தத் தட்டிவுட்டாரு?"

"எல்லாத்தையும்."

"எந்த மருந்தக் கேட்டாரு?"

அவள் கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோனாள், ஏன் என்று தெரியாமலே. செய்தித்தாள் வாசனை, வைக்கோல் வாசனை. அதற்கும் அடியில் ஒன்றும் இல்லை, இருக்கவும் முடியாது, ஆனாலும் அப்பாவின் சட்டை வந்தது. அண்ணி செத்த பிறகு திருச்சியில் தனியாக இருந்தவன், கை கால் விழுகிற வரைக்கும் ஞாயிறு சாயங்காலம் தவறாமல் போன் பண்ணுவான். சாப்டியாண்ணா? ஆச்சு. மாத்திரை போட்டியா? அதெல்லாம் போட்டாச்சு, இப்ப மருந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். சிரிப்பான். ஏன் சிரிக்கிறான் என்று கேட்டதே இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுண்ணா, ஒரு நாள்கூட விடாதே என்று அவள் கண்டிப்பாகச் சொல்வாள். விடலைம்மா, உன் பேச்சைத் தட்டுவேனா என்பான். பின்னால் ஏதோ கிணுங்கும். டானிக் மூடி என்று நினைத்துக்கொள்வாள். எத்தனை ஞாயிற்றுக்கிழமை! அப்பா குடித்தது விஸ்கி என்று எப்போதோ தெரிந்துபோயிற்று, பெயர் மட்டும் அவளுக்குள் ஆறு வயதிலேயே நின்றுவிட்டது. மருந்து என்றதும் சாவு என்று பயந்தாள். அவனோ மருந்து என்றதும் அப்பாவின் சாயங்காலக் கிளாஸ் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். இன்றைக்கு மருந்து மருந்து என்று முகத்தையே பார்த்துக் கெஞ்சினவன் வாயில், இருமல் மருந்தும் கஞ்சியும்.

"என்னம்மா, தலை சுத்துதா? உக்காருங்க" என்று ஜலால் பாய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்து, பையில் துழாவி போனை எடுத்தாள். ஜெபமலர் உடனே எடுத்தாள்.

"அக்கா, கெடச்சுதா? காலையில குடுத்ததும் அப்படியே வெளிய வந்துட்டுது. இப்பவும் கஞ்சியோடதான் நிக்கேன்."

"போனை அவர் காதுல வை. சத்தமா வை."

மூச்சுச் சத்தம் கேட்டது. கனத்த, ஒரு பக்கமாக இழுக்கிற மூச்சு. மரகதவல்லி கையால் வாயை மறைத்துக்கொண்டு குனிந்தாள். கை கழுவும் குழாய்கள் வரிசையில் யாரோ ஒன்றைத் திறந்து, மூடி, திறந்தார்கள்.

"அண்ணா. நான்தான். நீ கேக்கறது அப்பா மருந்தா?"

மூச்சு நின்றது.

"விஸ்கியாண்ணா?"

மண்டபத்தில் அவளுக்கே அது பெரிதாகக் கேட்டது. ஜலால் பாய் மரியாதையாக வேறு பக்கம் திரும்பி ஒரு ஜாடியைத் துடைத்தார். போனில் ஒரு சத்தம் புறப்பட்டது. எங்கேயோ ஆழத்தில் கட்டிக்கொண்டு, முட்டி முட்டி மேலே வருகிற சத்தம். அழுகிறான் என்று பயந்தாள். ஜெபமலர் தூரத்தில், "ஐயோ அக்கா, ஐயா சிரிக்காங்க!" என்றாள்.

"சிரிக்காதே. கேளு. டாக்டரைக் கேக்காம ஒரு சொட்டுத் தர மாட்டேன். பஞ்சுல தொட்டு நாக்குல வைக்கலாம்னு அவர் சொன்னா வைக்கிறேன், வேண்டாம்னா மூக்குக்கிட்ட காட்டிட்டு எடுத்துடுவேன். ஆனா வாங்கிட்டு வரேன். நானே கடையில போய் நின்னு வாங்கிட்டு வரேன். இப்ப நீ அந்தக் கஞ்சியை முழுங்கணும். முழுங்கலைன்னா கிடையாது. என்ன?"

ஸ்பூன் பாத்திரத்தில் இடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் ஜன்னல் வெளிச்சம் பச்சையாக, பிறகு மஞ்சளாக ஏறியது. போனில் நீளமான ஒன்றுமின்மை. தண்ணீர்க் குழாயை யாரோ மூடினார்கள், அந்த அமைதியும் வந்து சேர்ந்துகொண்டது. அவள் தொண்டை அவனுக்கு முன்னால் ஒரு தடவை முழுங்கியது. இன்னொரு தடவை முழுங்கியது.

"அக்கா!" ஜெபமலரின் குரல் கிறீச்சிட்டது. "எறங்கிட்டு! முழுங்கிட்டாங்க அக்கா! வாயத் தொறந்து பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல உள்ள! இன்னொரு ஸ்பூனுக்கு வாயத் தொறக்காங்க!"

மரகதவல்லி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இரண்டாவது ஸ்பூன் போயிற்று. மூன்றாவது போயிற்று. அதன் பிறகு அங்கே ஏதோ தடுமாற்றம், ஒரு முனகல், மறுபடியும் ஒரு முனகல். ஜெபமலர், "என்ன ஐயா? தண்ணியா? வலிக்கா?" என்று கேட்பது கேட்டது. பிறகு அவள் போனுக்குத் திரும்பி வந்தாள். குரலில் குழப்பம்.

"அக்கா, ஐயா புதுசா ஒரு வார்த்த சொல்லுதாங்க. சோடாவாம்."